கழுத்தில் மதம், கெண்டைக்காலில் போர்

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். உலகச் சண்டை அத்தனையையும் மனுஷன் முதுகில் வைத்தே நடத்தத் தெரிந்தவர் ஐ.நா. அண்ணாச்சி ஒருவர்தான். நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. தென்காசியில் யாரைக் கேட்டாலும் தெரியாது.

ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு மரப்பலகை, இரண்டு எண்ணெய்ப் பாட்டில். கடை அவ்வளவுதான். குப்புறப் படுத்த அடுத்த நிமிஷம் கேள்வி வரும்.

"ஏன் அண்ணாச்சி, டிவில சாமிய வச்சுச் சண்ட போடுதாவளே, நீங்க எந்தப் பக்கம்?"

நாம் எந்தப் பக்கமோ, அவர் அதற்கு எதிர்ப்பக்கம். முதல் தடவை மாட்டியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போகலாமென்றால் உடம்பெல்லாம் எண்ணெய். "உமக்கு என்ன வேய் தெரியும்?" என்று பலகையில் வாயை வைத்துக்கொண்டே முனகினேன். சட்டென்று கழுத்தில் ஓரிடத்தைப் பிடித்து அமுக்கினார். மூன்று மாதமாக டாக்டருக்கே டிமிக்கி கொடுத்த வலி அங்கேதான் ஒளிந்திருந்தது.

"கோவம் வந்தாத்தான் அண்ணாச்சி எந்த நரம்பு முறுக்கிட்டுக் கெடக்குன்னு தெரியும். மதம்னா கழுத்து. பொருளாதாரம்னா இடுப்பு. வெளிநாட்டுச் சண்டைன்னா கெண்டைக்கால்."

சிவகிரியிலிருந்து வந்த ரிட்டயர்டு பேங்க் ஆபீசர் ஒருவர், நாடு கிடுகிடுவென்று வளர்கிறது என்றார். "வளருதா? எங்க தெருவுல வளந்தவன் ஒருத்தனையும் காணலையே சார்" என்றார் ஐ.நா. ஆபீசரின் இடுப்பு கல்லானது. அடுத்துப் படுத்தவர் நாடே நாசமாய்ப் போச்சு என்றார். "என்ன சார் இப்படிச் சொல்லுதிய? புளியறை செக்போஸ்ட்ல கேரளாவுக்குப் போவ நிக்குத லாரியப் பாத்தியளா? வளராமலா இம்புட்டு லாரி?" இரண்டு பேருமே அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று திட்டிக்கொண்டே நிமிர்ந்து நடந்து போனார்கள்.

"சரி, உங்க கட்சிதான் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கு எதுக்கு கட்சி? எண்ணெ தேய்க்கவன்."

நமக்கு அந்தப் புத்தி எங்கே வந்தது? சாயங்காலமானால் நாலு பேர் கத்துவதைக் கேட்கிறோம், நாமும் சேர்ந்து கத்துகிறோம். இத்தனை வருஷக் கத்தலில் ஒருத்தன் மனசாவது மாறியிருக்கிறதா? மதத்தைப் பற்றிப் பேசிப்பேசி, எனக்கும் என் மைத்துனனுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனதுதான் மிச்சம். நாங்கள் உருப்பட மாட்டோம்.

இந்த சீசனிலும் போனேன். வளைகுடாப் பக்கம் ஒரு நாட்டில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. பெரிய நாடு ஒன்று படையோடு உள்ளே இறங்கலாமா கூடாதா என்று டிவியில் ஓயாத வாதம். குப்புறப் படுத்தேன். ஐ.நா. ஒன்றும் கேட்கவில்லை. சும்மா தேய்த்துக்கொண்டிருந்தார். வாய் சும்மா இருக்குமா, நானே ஆரம்பித்தேன்.

"எறங்கி அடிச்சாத்தான் அண்ணாச்சி சரிப்படும். நாலு கட்டடம் விழுந்தாத்தான் அவனுகளுக்குப் புத்தி வரும்."

கை நின்றது. எதிர்ப்பேச்சுக்குக் காத்திருந்தேன்.

"நீங்க சொல்லுததுதான் சரி" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். முகம் செத்துப்போயிருந்தது. "என்ன அண்ணாச்சி, என்ன ஆச்சு?"

"மவன் அங்கனதான் இருக்கான். ஏசி மெக்கானிக்கு. பன்னெண்டு நாளா போன் போகல." துண்டில் கையைத் துடைத்தார். "இன்னைக்கு எதுத்துப் பேசுனா நெசமாவே கோவம் வந்துரும் அண்ணாச்சி. கை எங்கன அமுக்கும்னு சொல்ல முடியாது. அதான்."

அந்த நாலு கட்டடத்தில் ஒன்றில் ஒருத்தன் ஏசி மாட்டிக்கொண்டிருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டீக்கு ஆர்டர் கொடுப்பதுபோலச் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. எழுந்து உட்கார்ந்து அந்தப் பையனின் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

இப்போது காலையில் அவர் போன் போட்டுப் பார்க்கிறார், மத்தியானம் நான். நேற்று என்னைக் கூப்பிட்டு, "நீங்க எதுக்கு வீணா கெடந்து கஷ்டப்படுதிய?" என்றார். "இருக்கட்டும், மொதல்ல யார்ட்ட பேசுதான்னு பாப்போம்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

எடுத்தால் என்ன பேசுவது? என் குரல்கூடப் பையனுக்குத் தெரியாது. உங்கப்பா சரியாச் சாப்பிட மாட்டேங்காரு தம்பி, ஒரு வார்த்தை பேசிரு என்று சொல்லலாமென்று இருக்கிறேன்.