கரடி தன் பிக்கப்புக்குப் பூஜை போட்ட கதை

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. இருந்தது என்ன, இன்னும் இருக்கிறது. அது நான்தான். என்னைவிட முட்டாளான கரடி கிடைத்திருந்தால் அதை வைத்தே கதை சொல்லியிருப்பேன். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

என்னிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி. தேன் டின்களை ஏற்றிச் சந்தைக்குப் போவேன். அதற்கு ஒரு வியாதி. திடீரென்று முன்னால் பேட்டரி படம் போட்ட விளக்கு எரியும். சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். கொஞ்ச தூரம் போனால் தானே அணைந்துவிடும். அணையாத நாளில், எங்காவது நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. தள்ள வேண்டியதுதான். ஸ்டியரிங் பிடிப்பது பொறுப்பான வேலை என்பதால் அதை நான் வைத்துக்கொண்டேன். தள்ளுவது என் மனைவி வேலாத்தாள்.

மச்சினி கல்யாணத்திலும் தள்ளினாள். மண்டப வாசலில், பட்டுச்சேலையோடு. பன்னீர் தெளிக்க நின்ற மான்கள் தெளிப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தன. கல்யாணம் முடிந்ததும் அவள் என்னோடு வரவில்லை.

"இந்த வண்டியிலயே வந்து கூப்பிடுங்க. யாரும் தள்ளாம வீடு போய்ச் சேரணும். இல்லைன்னா நான் அம்மா வீட்டுலயே இருந்துக்கறேன்" என்றாள்.

அவள் இல்லாமல் குகையில் இருக்கவே பிடிக்கவில்லை. இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு அழுதேன். பிறகு ஆட்டோ எலக்ட்ரீஷியன் குரங்கிடம் ஓடினேன். அதன் பட்டறைக்குள் நுழைந்ததும் விளக்கு நல்ல பிள்ளையாக அணைந்துகொண்டது. குரங்கு மீட்டர் வைத்துப் பார்த்தது.

"நல்லாத்தானே ஏறுது?"

"இங்க ஏறும். வழியில ஏறாது."

"வழியிலயா நான் பட்டறை போட்டிருக்கேன்?" என்ற குரங்கு, எதற்கும் இருக்கட்டும் என்று பேட்டரியை மாற்றியது.

வண்டியில் புதுச் சாமான் ஏறினால் பூஜை போடாமல் நான் சாவியைத் தொடமாட்டேன். மற்ற கரடிகள் மேலோடு ஒரு பொட்டு வைப்பதோடு சரி. எனக்குப் பக்தி கொஞ்சம் அதிகம். வண்டி வாங்கிய நாளில் செய்தது போலவே, ஒயர் சேரும் இடத்திலெல்லாம் நட்டைக் கழற்றி, அடியிலும் சந்தனம் பூசி, மறுபடி முடுக்கினேன். மறுநாளே விளக்கு எரிந்தது.

டைனமோவை மாற்றினோம். பூஜை போட்டேன். விளக்கு எரிந்தது. பெல்ட்டை மாற்றினோம். இந்தத் தடவை சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தேன். முன்பு எப்போதாவது எரிந்த விளக்கு இப்போது பாதி நேரம் எரிந்தது. நான் கழித்துப்போட்ட பேட்டரியை நரி தூக்கிப்போய் டிவிக்கு மாட்டியிருக்கிறது. படம் தெளிவாகத் தெரிகிறதாம்.

குரங்குக்கே வெறுத்துவிட்டது. என்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு ஒயராகப் பிடித்து ஆட்டியது. எர்த் ஒயரை ஆட்டினால் விளக்கு எரிந்தது, விட்டால் அணைந்தது. நட்டைக் கழற்றினால், அடியில் சந்தனம் காய்ந்து இறுகிக் கிடந்தது.

"இரும்பும் இரும்பும் ஒட்டினாத்தானே அண்ணே கரண்ட் போகும்? நடுவுல இதை யாரு அப்பினது?"

"எலியா இருக்கும்" என்றேன்.

குரங்கு என் நெற்றியில் இருந்த சந்தனத்தைப் பார்த்தது. உப்புத்தாளால் தேய்த்து முடுக்கிக் கொடுத்தது.

விளக்கு அடங்கிவிட்டது. மாமியார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அணைத்து, திரும்பவும் ஸ்டார்ட் செய்து காட்டினேன். வேலாத்தாள் பெட்டியோடு வந்து ஏறினாள்.

"என்னதாங்க கோளாறாம்?" என்றாள்.

உண்மை தொண்டை வரை வந்தது. மாமியார், மச்சினி, அவளைக் கட்டிய புது மாப்பிள்ளை எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். உண்மையை விழுங்கிவிட்டேன்.

"கோளாறெல்லாம் ஒண்ணுமில்ல. சந்தனம் பூசி ஒரு பூஜை போட்டேன், சரியாயிருச்சு."

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தெய்வக் குத்தம்னு நான் அப்பவே நெனச்சேன் மாப்பிள்ளை. இருங்க, நானும் ஒரு பூஜை போட்டு அனுப்பறேன்." கிண்ணம் நிறையச் சந்தனத்தோடு வந்தாள்.

"மேலாக்கப் பூசாதம்மா. இவரு நட்டையே கழட்டி அடியிலயும் பூசுவாரு. இவரு பக்தி யாருக்கு வரும்?" என்றாள் வேலாத்தாள்.

அவள் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. ஸ்பேனரை நானே எடுத்துக் கொடுத்தேன்.

பாதி வழியில், சாமிக்கு நன்றி சொல்லிச் சூடம் ஏற்ற வேண்டும் என்று கோயில் வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். அதற்கப்புறம் ஸ்டார்ட் ஆகவில்லை.

போச்சு, திரும்பப் போய்விடுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பார்த்தால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நிற்கிறாள்.

"வெறும் கோளாறா இருந்தா அம்மா வீட்டுக்கே நடந்திருப்பேன். சாமி சோதிக்குதுன்னா தள்ளித்தானே ஆகணும்? கியரைப் போடுங்க" என்றாள்.

பொறுப்பாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

நீதி: பழுது எந்த ஒயரில் என்று தேடி அலையாதீர்கள். யார் தலையில் போடலாம் என்று பார்த்துவிட்டால் வண்டி வீடு போய்ச் சேரும்.