சுக்கு இத்தாவும் சர்வர் ஏற்காத தேதியும்

கம்ப்யூட்டரைத் திட்டியே வேலை வாங்கத் தெரிந்த மனுஷி இந்தப் பூமியில் ஒருவர்தான். மட்டாஞ்சேரியில், நான் வேலை பார்த்த சுக்குக் கிடங்கு ஆபீஸில் இருந்தார். மலையாளத்து முஸ்லிம்கள் அக்காவை இத்தா என்பார்கள்; எங்களுக்கு அவர் சுக்கு இத்தா. பொருத்தமான பெயர்தான். கிட்டே போனால் மூக்கில் ஏறும்.

கிடங்கின் சரக்கு விவரம் முழுவதும் இத்தாவின் மேசைக் கம்ப்யூட்டரில், அவரே உருவாக்கிய டேட்டாபேஸில் இருந்தது. வேறு யாரும் தொட முடியாது. இருப்பு தெரிய வேண்டுமென்றால் முதலாளியே அந்த மேசை முன்னால் வந்து, இத்தா சாயா குடித்து முடிக்கும்வரை நிற்பார். நின்று நின்று கால் வலித்துத்தான் ஒருநாள் சர்வர் வாங்கினார். எல்லாவற்றையும் அதற்கு மாற்ற, தென்காசியிலிருந்து பிழைக்க வந்த என்னை வேலைக்கு வைத்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாம் சர்வர்ல ஏறணும். இல்லேன்னா ரெடிமேட் சாஃப்ட்வேர் வாங்கிடுவேன். இத்தாவ நம்ம பிராட்வே சில்லறைக் கடைக்கு மாத்திடுவேன், பாக்கெட் போட."

"அங்க போய் நூறு கிராமுக்குப் பேரம் பேசுற ஆளப் பார்த்துச் சிரிக்கணுமா?" என்றார் இத்தா. அன்று அவருடைய சாயா ஆறிப்போனது. ஆபீஸே பயந்துவிட்டது.

நான் வேலையை ஆரம்பித்தேன். எடைக்குச் சர்வர் எண் கேட்டது. இத்தாவின் ஃபைலில் எடை, "ஐம்பது, ஆனா ஈரம்" என்றும் "ஐம்பதுன்னு அவன் சொல்றான்" என்றும் இருந்தது.

"இத்தா, எடைன்னா நம்பர் மட்டும்தான் இருக்கணும்."

"நம்பர் மட்டும் எழுதினா, அவன் கள்ளன்னு சர்வருக்கு எப்படி அறியும்?"

திட்டுகளுக்குத் தனி இடம் ஒதுக்கிக் கொடுத்துச் சமாளித்தேன். அடுத்து, சரக்கு காய்ந்ததா என்ற கேள்வி. சர்வர் ஆமா, இல்லை இரண்டைத்தான் ஏற்கும். இத்தா பாதி மூட்டைகளுக்கு "பார்க்கலாம்" என்று போட்டிருந்தார்.

"மழ வருமோ இல்லையோன்னு தெரியாம நான் எப்படித் தம்பி ஆமான்னு சொல்றது?"

அதைக் காலியாக விட்டேன். வெள்ளி மதியம் எல்லாம் கூடிவந்த நேரத்தில் சர்வர் மறுபடியும் படுத்துக்கொண்டது. காரணம் தேடினேன். சில மூட்டைகள் கிடங்குக்கு வந்த தேதியில் ஆண்டு 1503 என்று இருந்தது.

"இத்தா, இது டைப்பிங் தப்பா?"

"தப்பா? மோந்து பாரு! போர்ச்சுகீசுக்காரன் கப்பல்ல ஏத்த வச்சிட்டு மறந்துபோன சுக்கு அது."

விஷயம் இதுதான். பழைய சரக்கு வந்தால், இத்தா மூக்கு சொன்ன ஆண்டைத் தேதியில் போடுவார். டச்சுக்காரன் காலத்துச் சுக்கும் இருந்தது. அது கொஞ்சம் தேவலையாம். ஆனால் நான் சர்வரில் வைத்திருந்த தேதி வகை 1753க்கு முந்தைய எதையும் வாங்காது.

"திருத்திடுவோம் இத்தா. இல்லேன்னா நீங்க பிராட்வே போகணும்."

"பழசப் புதுசுன்னு எழுதினா, அது வெலிங்டன் தீவுத் துறைமுகத்துல கண்டெய்னர் ஏறிடும். வாங்குற வெள்ளக்காரச் சாயிப்பு காறித் துப்புவான்." கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சின்னக் குரலில், "நான் பிராட்வே போறேன். தேதிய மாத்தாதே" என்றார்.

சிரிக்கத் தெரியாத மனுஷியை யார் கவுண்டரில் நிறுத்துவது? வெறி பிடித்ததுபோல் தேடினேன். முதலாம் ஆண்டு முதல் 9999ஆம் ஆண்டின் கடைசி நாள்வரை எல்லாத் தேதியையும் ஏற்கும் இன்னொரு வகை கிடைத்தது. மாற்றினேன். ஒரு மூட்டை பாக்கியில்லாமல் எல்லாம் ஏறிவிட்டது.

"ஹமுக்கே, மடையா, இத முதல்லயே செஞ்சா என்ன?" என்று சர்வரைத் திட்டினார் இத்தா. அப்புறம் எனக்கொரு சாயா சொன்னார். அது ஆபீஸ் சரித்திரத்திலேயே நடக்காதது.

சாயங்காலம் முதலாளி தன் அறையிலேயே திரையைத் திறந்தார். அடுத்த நிமிடம் அலறிக்கொண்டு வந்தார்.

"இத்தா! இந்தச் சுக்கு அஞ்ஞூறு வருஷமாவா நம்ம கிடங்குல கிடக்கு?"

"இருக்கும் முதலாளி. நீங்க வாங்கினதுதானே!"

முதலாளி வந்த வழியே போய்விட்டார். அதற்கப்புறம் பிராட்வே பேச்சை யாரும் எடுக்கவில்லை.

எனக்குச் சென்னையில் வேறு வேலை கிடைத்து, கிளம்பும்போது சொல்லிக்கொள்ளப் போனேன். ஊழியர் விவரத்தில் நான் விலகும் தேதியை இத்தாதான் ஏற்ற வேண்டும். தலை நிமிராமல் தட்டினார். எட்டிப் பார்த்தேன். டிசம்பர் 31, 9999.

"இத்தா, நான் நாளைக்கே போறேனே!"

"அறியும். இன்னும் ஒரு நாள் கூட்டிப் போட்டுப் பார்த்தேன். உன் சர்வர் சம்மதிக்கல."

அந்தக் கணக்குப்படி நான் இன்னும் மட்டாஞ்சேரியில்தான் வேலை பார்க்கிறேன். எனக்கும் அதைத் திருத்த மனசில்லை.