காவல்துறை அனுமதி பெற்ற என் புறக்கணிப்பு

நானும் ஒரு புரட்சிக்காரனாக இருந்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி முதல் நாலரை வரை. அதற்குக் காவல்துறையின் எழுத்துமூல அனுமதியும் இருந்தது.

பத்து வருடங்களுக்கு முன் சென்னையிலிருந்து ஒரு பெரிய நடிகர் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் கலைநிகழ்ச்சி நடத்த வந்தார். (பெயர் வேண்டாம். அவருக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள், எனக்குக் குடும்பம் இருக்கிறது.) படத்தில் தனியாளாக நின்று மந்திரிசபையைக் கவிழ்ப்பவர். ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் ஈழத்தமிழரைப் பற்றிக் கேட்டதும், "எனக்கு அரசியல் தெரியாதுங்க" என்று கும்பிட்டுவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வசிக்கும் பீலெஃபெல்ட் நகரத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில், "இந்த நிகழ்ச்சிக்குப் போகிறவன் துரோகி" என்று எழுதினேன். அறுபது பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

அந்த வேகத்தில் வீட்டிலும் கைவைத்தேன். என் மனைவி வாசுகிக்கு அவளுடைய தங்கை ஒரு டிக்கெட் வாங்கி வைத்திருந்தாள். வாசுகி புதுச் சேலைக்குச் சட்டைகூடத் தைத்துவிட்டாள்.

"தலைவரின்ர மனிசியே போனால் சனம் என்ன சொல்லும்?" என்றேன்.

"ஆர் தலைவர்?" என்றாள்.

ஆனாலும் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த நான்கு நாட்கள் வேளாவேளைக்குப் புட்டு வந்தது, பேச்சு வரவில்லை.

இந்த நாட்டில் புரட்சிக்கும் படிவம் உண்டு. பங்கேற்போர் ஐம்பது பேர், பொறுப்பாளர் நான் என்று நிரப்பி அனுப்பினேன். மண்டபத்தின் பின்வாசலில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்று பதில் வந்தது. பதாகையும் செய்தேன். நடிகரின் பெரிய படம், கீழே "இவரைப் புறக்கணியுங்கள்" என்று ஜெர்மன் மொழியில். ஆர்ப்பாட்டம் என்றால் ஜெர்மன்காரருக்கு விளங்கவேண்டும் என்பது இங்கே எங்கள் நெடுநாள் வழக்கம். தமிழிலும் ஒரு வரி எழுதலாம் என்று இந்த மண்டைக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை நல்ல மழை. ஐம்பது பேரில் நான் வந்திருந்தேன். மூன்று மணியளவில், கட்டைவிரலை முதலில் உயர்த்திய ரவி அண்ணை பட்டு வேட்டியில் வந்தார். பின்னால் அவர் மனைவி, தலை நிறையப் பூவோடு.

"அண்ணை, என்ன இது?"

"தம்பி, குறை நினையாதை. நாங்கள் உள்ளுக்குப் போய் எதிர்க்கிறம். ஒரு பாட்டுக்கும் கைதட்டமாட்டன், பார்."

காவலுக்கு நின்ற பெண் பொலிஸ், மற்றவர்கள் எங்கே என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறார்கள் என்றேன். பொய் இல்லை. எல்லோரும் வந்துகொண்டுதான் இருந்தார்கள், முன்வாசல் வழியாக.

நாலேகாலுக்கு ஒரு கறுப்புக் கார் பின்வாசலில் வந்து நின்றது. அவரே இறங்கினார். இதற்காகக் குளியலறையில் நான்கு நாள் ஒத்திகை பார்த்திருந்தேன்: "படத்தில அவ்வளவு பேசுற வாய், எங்களுக்காக ஏன் திறக்கேல்லை?"

அவர் பதாகையில் தன் படத்தைப் பார்த்தார். தெப்பமாக நனைந்திருந்த என்னைப் பார்த்தார். நேரே வந்து என் தோளில் கைபோட்டார்.

"என்ன தம்பி, டிக்கெட் கிடைக்கலையா? இப்படி மழைல நிக்கிறீங்களே!"

"ஓம் அண்ணை," என்றேன். "கிடைக்கேல்லை."

பாழாய்ப்போன வாய். அதோடாவது நின்றதா? "உங்கட படம் ஒண்டும் விடேல்லை அண்ணை" என்றும் சொல்லித் தொலைத்தது.

அவர் தன் கைபேசியைப் பொலிஸ் பெண்ணிடம் நீட்டினார், எங்களைப் படமெடுக்கச் சொல்லி. என்னைத் தவிர, பதாகையை வாசிக்கத் தெரிந்தவர் அங்கே அந்தப் பொலிஸ் பெண் ஒருவர்தான். என் பக்கம் குனிந்து ஜெர்மன் மொழியில் மெதுவாகக் கேட்டார்: "உங்கள் ஆர்ப்பாட்டம் யாருக்கு எதிராக?"

"இவருக்குத்தான்."

இரண்டு படம் எடுத்துக் கொடுத்தார்.

நான் பீலெஃபெல்டுக்கு வந்து சேருமுன் படம் உலகத்தைச் சுற்றிவிட்டது. "கொட்டும் மழையிலும் ஜெர்மன் மொழியில் என்னை வரவேற்ற அன்புத் தம்பி!" என்று அவரே பதிந்திருந்தார். எங்கள் குழுவில் முதல் கட்டைவிரல் ரவி அண்ணையுடையது, மண்டபத்துக்குள்ளிருந்து.

வாசுகி குசினி மேசையில் கைபேசியோடு உட்கார்ந்திருந்தாள். சண்டை வரும் என்று வழியெல்லாம் நியாயங்கள் தயாரித்திருந்தேன். அவள் படத்தை என் பக்கம் திருப்பினாள்.

"எங்கட கலியாண அல்பத்தில அறுநூறு படம் கிடக்கு. ஒண்டிலயெண்டாலும் இப்பிடிச் சிரிச்சிருக்கிறியளோ?"

பார்த்தேன். வாய் காதுவரை போயிருந்தது. வெட்கமாக இருந்தது. அவர்மேல் எனக்கு இருந்தது வெறுப்பே இல்லை, பிடித்த மனிதர் நமக்காக வாய் திறக்கவில்லையே என்ற ஆற்றாமை. அதற்காக வீட்டிலிருந்த பிடித்த மனுஷியின் ஆசையில் மண்ணைப் போட்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் ஒரு படிவம் நிரப்பித் தரச் சொன்னாள்.

இன்றைக்கும் எந்த நடிகராவது எதையாவது உளற, நான் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தத் தொடங்கினால், பதினான்கு வயது மகள் குசினிப் பக்கம் குரல் கொடுப்பாள்:

"அம்மா, அப்பாவுக்கு இவரையும் பிடிச்சிட்டுது. ரிக்கெற் எடுங்கோ!"

வாசுகி எடுப்பாள். எனக்கும் சேர்த்து.