செர்ரி காத்த படலம்

வாழ்க லாயிட்! விவேக் நகரின் குறுகிய தெருவொன்றில் மூன்றாம் மாடியில் வீற்றிருக்கும் வேந்தே, படியேறினால் மூச்சிரைக்கும் மார்பனே, வெளிவட்டச் சாலைக் கண்ணாடி மாளிகையில் காலைமுதல் மாலைவரை காணொளிகளின் கொழுப்பைக் கரைத்து, கண்ணுக்குத் தெரியாததைக் களைந்து, சில வேளைகளில் தெரிவதையும் சேர்த்தே களையும் குறைப்புக்கலைக் கோமானே, வாழ்க! நகரின் அடிவயிற்றில் பின்னிக்கிடக்கும் இணையக் கம்பிகளே, முதல் தூறலிலேயே உயிர்விடும் ரௌட்டர் பெட்டிகளே, இன்று ஒருநாள் மட்டும் விழித்திருங்கள். ஒரு கேக்கின் பொருட்டு இம்மாவீரன் நிகழ்த்திய பெரும்போரை இடையில் சுற்றிக்கொண்டு நிற்காமல் சொல்லி முடிக்க அருளுங்கள்.

போருக்குக் காரணம் மண் அன்று, பெண் அன்று, பொன்னும் அன்று. ஒரு கேக்கின் மூலைத் துண்டு.

லாயிடின் மாமனார் பெர்னார்ட், ஆஸ்டின் டவுனில் கேக் கடை நடத்துபவர். மைதாமாவுக்கு மன்னர், வெண்ணெய்க்கு வேந்தர், ரம்மில் ஊறிய திராட்சைக்குத் தனிப்பெருந்தலைவர். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் ஆர்டர்கள் தொடங்கும் ஞாயிறன்று, திருப்பலி முடிந்து வந்ததும், அந்தப் பருவத்தின் முதல் பிளம் கேக்கை அவர் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைப்பார். நீள்சதுரக் கேக்; நட்டநடுவே ஒரே ஒரு செர்ரி. மாலைத் தேநீரின்போது அதை வெட்டி, ரம் தேங்கிக் கனத்த மூலைத் துண்டை, அவ்வாண்டு கடைக்குக் கைகொடுத்தவர் என்று தாம் கருதுபவரின் தட்டில் தம் கையாலேயே வைப்பார். அதற்கு விளக்கமும் இல்லை, மேல்முறையீடும் இல்லை.

ஆஞ்சலாவை மணந்து அந்த வீட்டு வாசலை மிதித்த நாள்முதல் அந்த மூலைத் துண்டு லாயிடின் தட்டுக்கு வந்ததே இல்லை. அது எப்போதும் போய்ச் சேர்ந்தது க்ளெனுக்கு. ஆஞ்சலாவின் தம்பி க்ளென், ஒருமுறை கடையின் ஃப்ரீசர் ஓடாமல் குடும்பமே கலங்கி நின்றபோது, பிளக் கழன்று கிடப்பதைக் கண்டு செருகியவன். அந்த ஒரு செருகலின் புகழ் இன்றுவரை அவனுக்குச் சோறு போடுகிறது. லாயிடோ, உலகெங்கும் கோடிக்கணக்கான திரைகளில் ஓடும் காணொளிகளை இளைக்கச் செய்பவன். ஆயினும் வீட்டுக்கு யார் வந்தாலும் பெர்னார்ட் அவனைக் காட்டி, “நம்ம மாப்ள. கம்ப்யூட்டர்ல என்னமோ குறைக்கிறாரு” என்று அறிமுகம் செய்வார். அந்த ‘என்னமோ’ என்னும் நஞ்சு தோய்ந்த அம்பு, லாயிடின் நெஞ்சில் ஆண்டாண்டுகளாகப் பிடுங்கப்படாமல் நின்றது.

இவ்வாண்டு காலம் கனிந்தது. கடைக்கென்று க்ளென் சென்ற ஆண்டே ஓர் இணையப் பக்கம் அமைத்திருந்தான். கேமராவிலிருந்து இறங்கிய படங்களை வியர்வைகூடத் துடைக்காமல் அப்படியே அதில் ஏற்றியிருந்தான். ஒவ்வொன்றும் ஒன்பது மெகாபைட் கொண்ட மதயானை. போதாக்குறைக்கு, பெர்னார்ட் கேக்கின்மேல் ஐசிங் பூசும் நெடுங்காணொளி ஒன்று. போனில் திறந்தால், பல்லாண்டுகளாக மேலே எதையும் தாங்காமல் வரிசைகட்டி நின்ற ஈஜிபுரா மேம்பாலத் தூண்களைப் போலப் பக்கம் முழுவதும் வெற்றுச் சட்டங்களாக நிற்கும். கேக் வருமுன் பசி போய்விடும். சென்ற ஆண்டு பாதிப்பேர் காத்திருந்து சலித்து வேறு கடைக்குப் போனார்கள் என்பது பெர்னார்டின் தீராத குறை.

ஆகவே அந்த ஞாயிறன்று, கேக் மேசையில் அமர்ந்த அதே கணத்தில், லாயிட் எழுந்து நின்று சூளுரைத்தான்.

“மாமா, சாயங்காலம் டீ குடிக்கறதுக்குள்ள அந்தப் பேஜை நான் பறக்க விடறேன்.”

“சக்கத்தா, ஜோரா பறக்க விடுங்க மச்சான்,” என்றான் க்ளென், சோபாவை விட்டு எழாமலே. “ஆனா ஃபோட்டோவ உரிச்சு வெச்சிடாதீங்க. குவாலிட்டி போச்சுன்னா பிளம் கேக்கு ராகிக் களி மாதிரி தெரியும்.”

பெர்னார்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு தீர்ப்பளித்தார்: “என்ன வேணா பண்ணுங்க மாப்ள. அந்த செர்ரிய மட்டும் தொடாதீங்க. அது நம்ம கடை அடையாளம்.”

இவ்விடத்தில், வீரன் கையில் ஏந்திய வாளின் வரலாற்றைக் கூறாமல் செல்வது முறையன்று. காணொளியைச் சுருக்கும் வழிமுறைகளுக்கு முற்காலத்தில் உரிமையாளர்கள் பலர் இருந்தனர். படத்தை எடுக்கும் கருவிக்கும், அனுப்பும் நிறுவனத்துக்கும், திறக்கும் பெட்டிக்கும் வாசலுக்கு வாசல் நின்று கப்பம் வாங்கினர். இது கண்டு வெகுண்ட மாபெரும் நிறுவனங்கள் சில, ஊரார் அனைவரிடமும் வேறு வேறு பெயர்களில் கப்பம் வாங்கிப் பழகியவை, தாம் கப்பம் கட்ட நேர்வது மட்டும் பெரும் அநீதி என்று உணர்ந்து, ஒரே குடையின்கீழ்த் திரண்டு, யாருக்கும் ராயல்டி தரவேண்டாத ஏவி ஒன் என்னும் காணொளி வடிவத்தைப் படைத்தன. அதன் வயிற்றில் பிறந்தது ஏவிஐஎஃப் என்னும் பட வடிவம். கப்பம் ஒழிந்ததென்று முரசறைந்த பிறகும், ‘இதிலும் எங்களுக்குப் பங்குண்டு’ என்று வேலிக்கு வெளியே நின்று குரல் கொடுப்போர் இல்லாமல் இல்லை. ஆயினும் லாயிடுக்கு அது அறப்போர். அலுவலகத்தில் அவ்வடிவத்தின் பெயர் பொறித்த பனியனை அவன் வெள்ளிதோறும் அணிவான். அன்றும், ஞாயிறாயிருந்தும், திருப்பலிக்குப் போட்டுச் சென்ற சட்டைக்குள் அதையே அணிந்திருந்தான்.

லேப்டாப்புக்கு இடம்விட்டுக் கேக் அலமாரியின்மேல் ஏறியது. போர் மூண்டது.

முதலில் காணொளி. குறைத்தலில் நிகரற்ற ஏவி ஒன், நேரத்தைத் தின்பதிலும் நிகரற்றது. ஒவ்வொரு சட்டகத்தையும் ஒரு கோட்டையாக எண்ணி முற்றுகையிட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் தட்டிப்பார்த்து, ‘இதை இன்னும் சிறிதாக்க வழியுண்டா’ என்று யோசித்து யோசித்தே முன்னேறும். லேப்டாப்பின் விசிறி முழங்கியது; அதன் வெப்பத்தில் மேசைமேல் இருந்த தயிர்ப்பச்சடி வெதுவெதுப்பாயிற்று. மட்டன் பிரியாணி வந்தது, ஆறியது, திரும்பிப் போனது. ஆஞ்சலா இருமுறை எட்டிப்பார்த்து, மூன்றாம் முறை தட்டோடு வந்து நின்று, “சாப்ட்டுட்டுக் குறையேன் லாயிட். கேக்கு எங்கயும் ஓடிடாது” என்றாள். பதிலுக்குக் கையை மட்டும் உயர்த்தினான் வீரன். களத்தில் நிற்பவன் எலும்பைக் கடித்துக்கொண்டா நிற்பான்? க்ளென் மட்டும் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக உலவி, எதையோ மென்றபடி, அவ்வப்போது திரையை எட்டிப்பார்த்து, “இன்னும் ஏழு பர்சன்ட்தானா மச்சான்?” என்று கேட்டு எரிகிற இடத்தில் எண்ணெய் வார்த்தான்.

ஒருவழியாகக் காணொளிக் கோட்டை வீழ்ந்தது. படைகள் படங்களின்மேல் திரும்பின. கடைமுகப்பு பணிந்தது, கப் கேக் வரிசை கைதூக்கிச் சரணடைந்தது, ரோஸ் குக்கீஸ் முணுமுணுக்காமல் இளைத்தது. எல்லாவற்றுக்கும் பின்னே, தனித்து, தலைநிமிர்ந்து நின்றது பிளம் கேக். அதன் உச்சியில் செர்ரி.

அந்தோ, செர்ரி! இவ்வடிவங்கள் இயல்பில் வெளிச்சத்தைக் கவனமாகவும் நிறத்தைக் கஞ்சத்தனமாகவும் எழுதிவைப்பவை. மனிதக் கண் நிறத்தில் அவ்வளவு கறாரில்லை என்பது அவற்றின் கணக்கு. பழுப்புக் கேக்குக்கு அது பொருந்தும். கொழுந்துவிடும் சிவப்புக்குப் பொருந்தாது. முதல் வெட்டில் செர்ரியின் விளிம்பு கரைந்து, சிவப்பு நாற்புறமும் கசிந்து, கேக்கின்மேல் யாரோ வெற்றிலை போட்டுத் துப்பியது போலாயிற்று. லாயிட் பல்லைக் கடித்தான். நிறத்தை முழுமையாக எழுதும் ஏற்பாட்டைத் திறந்துவிட்டான். செர்ரி சிலிர்த்து உருண்டு திரண்டது, ஆனால் படத்தின் எடை ஏறியது. எடையை இறக்கினான், செர்ரி மழுங்கியது. மீண்டும் ஏற்றினான். மீண்டும் இறக்கினான். குரங்குப் பிடியாகப் பற்றி, இனி யாரையேனும் பலிகொடாமல் வெற்றியில்லை என்று தெளிந்து, மாமியார் ஜோசஃபின் கண் வலிக்கப் பின்னிய மேசைவிரிப்பின் பூக்களைப் பலிகொடுத்தான். கேக்கின் அடியில் கிடந்த அந்தப் பூக்கள் ஒவ்வொன்றாகக் கலங்கி, மங்கி, வெறும் வெள்ளை மூட்டமாக மறைந்தன. அவற்றின் பிணங்களின்மேல் எழுந்து நின்றது செர்ரி, வட்டம் குலையாமல், மினுமினுப்பு மாறாமல், நாற்பதே கிலோபைட்டில்.

ஒன்பது மெகாபைட் மதயானை ஓர் அணிற்பிள்ளையாகச் சுருங்கி, முதுகில் செர்ரியைச் சுமந்து நின்ற அந்தக் காட்சியை வானத்தவர் கண்டிருந்தால் மலர்மாரி பொழிந்திருப்பர். பார்த்தவன் லாயிட் ஒருவனே ஆதலால், அவன் கொஞ்சம் தண்ணீர் குடித்தான்.

பெர்னார்டின் கீறல் விழுந்த பழைய போன் சோதனைக்கு வந்தது. அவர் விரலை வைத்தார்; எடுப்பதற்குள் பக்கம் முழுவதும் வந்து நின்றது. கேக் வந்தது, செர்ரி வந்தது, ஐசிங் பூசும் காணொளி நூல் பிசகாமல் ஓடியது.

“அட! அதுக்குள்ள வந்துடுச்சா!” என்றார் பெர்னார்ட். மூடினார், திறந்தார், மீண்டும் மூடினார், திறந்தார். “ஜோசஃபின், இங்க வந்து பாரு. நம்ம மாப்ள என்னா வேலை பண்ணியிருக்காரு!”

‘என்னமோ’ போயிற்று! ‘என்னா வேலை’ வந்துவிட்டது! லாயிடின் செவிகளில் ஆயிரம் பேரிகை அதிர்ந்தது. ஆஞ்சலா தேநீர்க் கோப்பைகளோடு வந்தாள். பெர்னார்ட் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்தியைக் கையில் எடுத்தார். லாயிட் தன் தட்டை, யாரும் கவனிக்காதபடி, அரை அடி முன்னால் நகர்த்தி வைத்தான்.

அந்நேரம் போன் அடித்தது.

அழைத்தவர் குளோரியா ஆன்ட்டி. ஆண்டுதோறும் முதல் ஆர்டர் கொடுத்துப் பருவத்தைத் தொடங்கிவைப்பவர். கத்தி கையில் இருந்ததால் பெர்னார்ட் ஸ்பீக்கரில் போட்டார்.

“பெர்னார்ட், என்னாத்தப் போட்டு வெச்சிருக்க? பேஜு நல்லா டக்குனு தொறக்குது. ஆனா கேக்கு ஃபோட்டோவ சேவ் பண்ணி எங்க குரூப்புல போட்டா, சாம்பல் கலர்ல ஒரு பெட்டி போவுது. தட்டினா ஒண்ணும் வரல. இது கேக்கா, கரன்ட் பில்லான்னு கோலார்லருந்து எங்கக்கா கேக்கறா!”

பெர்னார்ட் கத்தியை மேசைமேல் வைத்தார். ஏனெனில் அங்கிருந்த அனைவரும் அறிந்த, லாயிட் மட்டும் அறியாத ஒன்று இருந்தது. அந்த வட்டாரத்தில் எவரும் தனியாகக் கேக் ஆர்டர் செய்வதில்லை. படம் முதலில் குடும்பக் குழுவுக்குப் போகும்; கோலார் அக்கா பார்ப்பாள், துபாய் மகன் பார்ப்பான், ஒக்கலிபுரத்துச் சித்தி ‘போன வருஷம் இன்னும் பெருசா இருந்துச்சே’ என்பாள்; எல்லோரும் கட்டைவிரல் தூக்கிய பிறகே ஆர்டர் வரும். லாயிடின் நாற்பது கிலோபைட் நாயகன் எல்லாப் பிரவுசர்களிலும் ஒளிவிட்டான். அந்தக் குழுக்களின் வாசலில் மட்டும் அவனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எடையை அளந்து, வேகத்தை அளந்து, நிறத்தின் விளிம்பை மயிரிழையாக அளந்த வீரன் இதை மட்டும் அளக்காததற்குக் காரணம் எளிது: தன் வீட்டுக் குடும்பக் குழுவை அவன் என்றோ சத்தம் வராதபடி அடக்கிவைத்து, அதன்பின் திறந்தே பார்த்ததில்லை.

ஆயினும் மாவீரன் வாளைக் கீழே போடவில்லை. போனை நோக்கிக் குனிந்து முழங்கினான்.

“ஆன்ட்டி, அது புது ஃபார்மட். யாருக்கும் ராயல்டி கட்ட வேணாம். முழுக்க ஃப்ரீ.”

“ஃப்ரீயா குடுக்கறதெல்லாம் இப்டித்தான் இருக்கும் கண்ணு. காசு குடுத்து நல்லதா ஒண்ணு வாங்கிப் போடு,” என்றார் குளோரியா. பிறகு, “யாரு பெர்னார்ட், இப்ப பேசினது?”

பெர்னார்ட் லாயிடை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “நம்ம மாப்ள. கம்ப்யூட்டர்ல என்னமோ குறைக்கிறாரு.”

அழைப்பு முடிவதற்குள் அடுத்த அழைப்பு, அதற்குள் அடுத்தது. எல்லாக் குரலிலும் சாம்பல் பெட்டி. லாயிட் லேப்டாப்பைத் திறந்தான்: எல்லாப் படங்களையும் பழைய ஜேபெக் வடிவத்துக்கே திருப்பிப் போட்டுவிட முடியும், கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்றான். அதற்குள் க்ளென் சோபாவை விட்டு எழுந்தான். அலமாரியண்டை போனான். தன் போனை எடுத்து, சாய்வாக, ட்யூப் லைட் பளீரென்று அடிக்க, ஓரத்தில் தன் கட்டைவிரலும் பின்னணியில் அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரையும் விழ, கேக்கை ஒரே சொடுக்கில் படம் பிடித்துக் குளோரியா ஆன்ட்டிக்கும் மற்றவர்களுக்கும் அனுப்பினான்.

குழுக்கள் விழித்தன. கட்டைவிரல்கள் உயர்ந்தன. கோலார் அக்கா இரண்டு கிலோ கேட்டாள்.

“பேஜார் பண்ணிக்காதீங்க மாப்ள,” என்றார் பெர்னார்ட் கனிவோடு. கேக்கை மேசைக்கு இறக்கி, போனைக் காதில் இடுக்கிக்கொண்டே வெட்டி, மூலைத் துண்டை க்ளெனின் தட்டில் வைத்தார்.

கப்பமற்ற உலகின் காவலனும், சட்டகங்களைச் சலித்தெடுத்த சளையாத் தோளனும், மாமியாரின் பூக்களைப் பலியிட்டுச் சிவப்பின் வட்டத்தைக் காத்த செர்ரிக்காவலனும் ஆகிய லாயிட், ஆறிய தேநீர் ஒருபுறமும் அணைந்த விசிறி மறுபுறமுமாக அமர்ந்து, தன் தட்டில் விழுந்த நடுத்துண்டை வெறித்து, அதன் உச்சியில் இருந்த சிறு பள்ளத்தை வெறித்து, ஏதோ உதிக்க, ஊரெல்லாம் கட்டைவிரல் தூக்கிய அந்தப் படத்தை ஆஞ்சலாவின் போனில் வாங்கி இரு விரலால் விரித்து விரித்து, விளிம்பு விளிம்பாகத் தேடி, நெடுநேரம் நோக்கினான். படத்தில் செர்ரியே இல்லை. க்ளென் அதை மத்தியானமே தின்றுவிட்டிருந்தான்.