விளக்கணைக்கும் கம்பி

டல்லாமிரா என்ற செம்மண் சீமை ஊரில் ஒரு மதுக்கடை, ஒரு பெட்ரோல் பம்ப், ஒரு பள்ளிக்கூடம், ஒரு மகான். பள்ளிக்கூடத்துக்காவது விடுமுறை உண்டு. மகானுக்குக் கிடையாது.

மகானின் பெயர் கிளாரி. சனிக்கிழமை காலையில் அவருடைய தகரக் கொட்டகைக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி நிற்கும். மாடு மேய்க்கும் வண்டி, ஊர் சுற்றும் வண்டி, தொலைவிலிருந்து லாரியில் படுக்க வைத்துக் கொண்டுவந்த வண்டி. எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி: மீட்டர் கண்ணாடிக்குள் மஞ்சள் விளக்கு எரிகிறது. எதற்காக எரிகிறது என்று வண்டிக்காரனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. அணைந்தால் போதும்.

கிளாரி அணைப்பார்.

அவர் ஆதியில் நீரோட்டம் பார்த்தவர். வேலிக்கம்பி இரண்டை வளைத்து, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு பண்ணை பண்ணையாக நடப்பார். கம்பிகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் துளை போட்டால் தண்ணீர். ஒருமுறைகூடத் தவறியதில்லை. அந்தச் சீமையில் பூமிக்கடியில் கடல் மாதிரித் தண்ணீர் கிடக்கிறது. கோழி கிளறிய இடத்தில் துளை போட்டாலும் பீறிட்டு வரும். ஆனால் கோழிக்கு யாரும் மரியாதை செய்யவில்லை. கிளாரிக்குச் செய்தார்கள். துளை போட வேண்டிய இடமெல்லாம் போட்டு முடிந்து கிளாரி சும்மா உட்கார்ந்திருந்த காலத்தில்தான், கடவுள் புண்ணியத்தில், மோட்டார் சைக்கிளுக்குள் கம்ப்யூட்டர் வந்தது.

"கரண்ட்டும் தண்ணி மாதிரிதான்ப்பா," என்றார் கிளாரி. "ஓடிக்கிட்டே இருக்கணும். எங்கயோ அடைச்சுக்குது, விளக்கு எரியுது. அடைப்பு எங்கன்னு கம்பி சொல்லும்."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தண்ணீரைக் கண்டுபிடித்த கம்பிக்குக் கரண்ட்டைக் கண்டுபிடிக்கத் தெரியாதா என்ன?

அன்று வரிசையில் நெவில் நின்றான். மாட்டுப் பண்ணைக்காரன், நல்லவன், யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பிவிட்டுப் பிறகு யோசிப்பதாக இருப்பவன். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. அவனிடம் ஒரு பெரிய வண்டி இருந்தது. அதைத் தன் மகளுக்குக் கொடுத்துவிட்டான். மகள் பெயர் ஜோடி, நர்ஸ். தெற்கே சுரங்க ஊர் ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை வேலையில் சேர வேண்டும். நடுவில் நாள் முழுக்க ஓடும் செம்மண் பாதை. அதில் போன் எடுக்காது, மரம் கிடையாது, கோடையில் கையை வெளியே நீட்டினால் பொரிந்துவிடும். போன வருஷம் அந்தப் பாதையில் கார் நின்றுபோன ஒருவனை மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தார்கள். உயிரோடு அல்ல.

அந்த வண்டியில்தான் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"கடலோர ஊர்ல கம்பெனிக் கடைக்குக் கொண்டு போயேன் நெவில்," என்று கிளம்பும்போதே அவன் மனைவி மொரீன் சொல்லியிருந்தாள். அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள்.

"அவனுங்க என்ன பண்ணுவானுங்க? ஒரு மெஷினைச் சொருகி அது என்ன சொல்லுதுன்னு பாப்பானுங்க. மெஷினைப் பத்தி மெஷின்கிட்ட கேக்கறதா? அதுல என்ன வித்தை இருக்கு?"

வித்தை கிளாரியிடம் இருந்தது. கம்பிகளை நீட்டிக்கொண்டு அவர் வண்டியைச் சுற்றி வந்தார். சீட்டுக்கு மேலே வந்ததும் கம்பிகள் மெல்லத் திரும்பி முத்தமிட்டுக்கொண்டன. கூட்டம் பெருமூச்சு விட்டது.

"அடைப்பு இங்க இருக்கு," என்றார். பிறகு ஒரு பெரிய கம்பளியை எடுத்துத் தன்னையும் வண்டியையும் சேர்த்து மூடிக்கொண்டார். "யாரும் பாக்கக் கூடாது. கரண்ட்டுக்குக் கூச்சம் ஜாஸ்தி."

கம்பளிக்குள் ஏதோ முனகல். ஏதோ அசைவு. கம்பளி விலகியபோது விளக்கு அணைந்திருந்தது. நெவிலுக்குக் கண் கலங்கியது.

கிளாரி பணம் வாங்க மாட்டார். பணம் வாங்கினால் வரம் போய்விடுமாம். ஒரு பெட்டி பீர் போதும். அந்த ஊரில் உபகாரத்துக்குப் பீர்ப் பெட்டிதான் கைம்மாறு. கேட்பதும் அசிங்கமில்லை, கொடுப்பதும் கஷ்டமில்லை. நெவில் ட்ரெவரின் மதுக்கடையில் வாங்கிவந்த பெட்டியை இறக்கினான். வழியில் அவன் நாய் அதன் ஒரு மூலையைக் கடித்துக் குதறியிருந்தது.

"நாய் கடிச்சிடுச்சு, மன்னிச்சுக்கோங்க கிளாரி."

"பரவால்லப்பா. நானா குடிக்கப்போறேன்?" என்றார் மகான். அது என்னவோ சத்தியமான வார்த்தை.

வீட்டுக் கேட்டைத் தாண்டும்போது விளக்கு திரும்ப எரிந்தது.

சாயங்காலம் ஆட்டுக்கறி வறுவலுக்கு முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நெவில் போனை வைத்துவிட்டு வந்தான்.

"கிளாரிகிட்ட கேட்டேன். நான் வழியில சந்தேகப்பட்டுட்டேனாம். அதான் திரும்பிடுச்சாம். நாளைக்கு விழாவுல எல்லார் முன்னாலயும் திரும்பச் செய்யறேன்னு சொல்லிட்டார்."

மறுநாள் மதுக்கடைப் பின்முற்றத்தில் மகானைக் கொண்டாடும் கிளாரி விழா. ஏற்பாடு ட்ரெவர். பள்ளிக்கூடக் கூரைக்கு நிதி திரட்ட இறைச்சி சாசேஜ் சுட்டு விற்பது மொரீனின் பொறுப்பு.

"அப்பா, நீ சந்தேகப்பட்டா வண்டி எப்படிப்பா கண்டுபிடிக்கும்?" என்றாள் ஜோடி.

"கரண்ட்டுக்குத் தெரியும்மா."

"என் பஸ்ல விளக்கு எரிஞ்சா நான் பஸ்ஸை நிறுத்திடுவேன்," என்றாள் மொரீன். "நான் பாத்துக்கறேன்னு யாராச்சும் விளக்கு மேல துணியைப் போட்டா, அவங்க பிள்ளைங்களை முதல்ல ஏத்தச் சொல்லுவேன். நெவில், இவ அந்தப் பாதையில நின்னுட்டான்னு வை. கிளாரி கம்பளியை எடுத்துக்கிட்டு வருவாரா?"

நெவில் தட்டின் மேல் குனிந்தான். கறியை நறுக்கிக்கொண்டே இருந்தான். ஏற்கெனவே நறுக்கியதையும்.

"சரி, நாளைக்கு அவரே சொல்லட்டும்," என்றாள் மொரீன். "உன் ஹெல்மெட்டைக் கொஞ்சம் கொடு."

ஞாயிற்றுக்கிழமை முற்றம் நிறைந்து வழிந்தது. ஈயும் வந்திருந்தது. ட்ரெவர் பீர்ப் பெட்டிகளை அடுக்கி வைத்து, காணிக்கை செலுத்துகிறவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தான். நெவிலும் ஒன்றை வாங்கிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டான்.

"மொரீன், சாசேஜ் எப்ப? அடுப்பையே காணோமே," என்றான் ட்ரெவர்.

"அடுப்புக்கு உடம்பு சரியில்ல. இப்பப் பாத்துடுவோம்."

முற்றத்தின் நடுவே தார்ப்பாய் போட்டு மூடிய மூன்று உருவங்கள் நின்றன. மூன்றாவதின் மேல் நெவிலின் சிவப்பு ஹெல்மெட்.

மொரீன் ஒரு பெட்டி மேல் ஏறி நின்றாள். பஸ்ஸில் நாற்பது பிள்ளைகளை அடக்கிய குரல். "கிளாரி, மூணு இருக்கு. ஒண்ணுல கோளாறு. எதுன்னு உங்க கம்பி சொல்லணும், அவ்வளவுதான். பாய் தூக்க வேண்டாம். தண்ணி பாக்கறப்ப நிலத்தைப் பிளந்தா பாத்தீங்க?"

கிளாரி தாடையைச் சொறிந்தார். "எனக்குக் கம்பளி வேணும்மா."

"அது விளக்கை அணைக்கறதுக்கு. கண்டுபிடிக்கறதுக்குக் கம்பி போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அட, காட்டுங்க கிளாரி," என்று ட்ரெவர் கத்தினான். கூட்டம் அதிகமாக நின்றால் அவனுக்கு அதிகமாக விற்கும். "வெளியூர்க்காரங்களும் பாக்கட்டும்."

பின்வாங்க வழியில்லை. மகான் கம்பிகளை நீட்டினார். முதல் உருவத்தைச் சுற்றினார், கம்பி அசையவில்லை. இரண்டாவது, லேசாக நடுங்கி, மனசு மாறியதுபோல் நிமிர்ந்துகொண்டது. மூன்றாவதை நெருங்கும்போது அவர் கண் ஒரு கணம் மேலே போனது. சிவப்பு ஹெல்மெட். பிறகு கண் மூடிக்கொண்டது. கம்பிகள் அவசர அவசரமாகத் திரும்பி ஒன்றையொன்று கட்டிக்கொண்டன.

"இதுதான்," என்றார். "பெரிய அடைப்பு. கரண்ட் தலையில இருந்து வாலுக்குப் போகவே மாட்டேங்குது. கம்ப்யூட்டரையே பாதிச்சிருக்கு."

"உறுதியா?"

"கம்பி பொய் சொல்லாதும்மா."

"குணமாகுமா?"

"கஷ்டம்தான். ரெண்டு பெட்டி ஆகும்."

மொரீன் ஹெல்மெட்டை எடுத்து நெவிலிடம் கொடுத்துவிட்டுத் தார்ப்பாயை உருவினாள்.

ஒரு தள்ளுவண்டி. அதன் மேல் சாசேஜ் சுடும் அடுப்பு. கேஸ் அடுப்பு. அதற்குக் கரண்ட்டும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது, தலையும் வாலும் கிடையாது. ஒரு பிளக் கூடக் கிடையாது.

யாரோ ஒருவன் களுக்கென்றான். பிறகு ஊரே சிரித்தது. முன்வரிசையில் இருந்த ஒருவர் மட்டும் எழுந்து, "அப்போ சாசேஜ் கிடைக்குமா கிடைக்காதா?" என்று கேட்டார். அவருடைய கவலை அவருக்கு.

"ஹெல்மெட்டால வந்தது," என்றார் கிளாரி. "நெவிலோட சந்தேகம் அதுல ஒட்டிக்கிட்டிருக்கு. கம்பி அதைப் பிடிச்சிடுச்சு."

சிரித்தவர்களில் பாதிப் பேர் நிறுத்திவிட்டுத் தலையாட்டத் தொடங்கினார்கள். நெவிலும் ஆட்டினான். ஆடிப் பழகிய தலை, சட்டென்று நிற்காது.

ஜோடி அதைப் பார்த்தாள். அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது பாயை விலக்கினாள். அவளுடைய வண்டி. சாவியைத் திருப்பினாள், மஞ்சள் விளக்கு எரிந்தது.

"சரி கிளாரி. இந்தாங்க நிஜ வண்டி. அணைங்க. ஆனா கம்பளி நான் தர்றேன்."

"என் கம்பளிதான்மா வேணும். அது பழகின கம்பளி."

"கம்பளிக்கும் வரம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஜோடி அவர் தோளில் கிடந்ததை எடுத்து உதறினாள். அதற்குள் தைத்திருந்த பையிலிருந்து இரண்டு சாமான்கள் மண்ணில் விழுந்தன. ஒன்று போன். இன்னொன்று வால் முளைத்த தீப்பெட்டி மாதிரி ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி.

ஜோடி அதை எடுத்து மண்ணைத் தட்டினாள். வண்டி சீட்டைக் கழற்றினாள். பெட்டியின் வாலைச் சீட்டுக்கடியில் இருந்த துளையில் சொருகினாள்; அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. கிளாரியின் போன் பளிச்சென்று உயிர் பெற்றது. அவள் அதை உயர்த்திக் காட்டினாள்.

"'பேட்டரிக்குக் கரண்ட் போதவில்லை.' இதுதான் வருது. கீழ ஒரு பட்டன். 'அழி'. பாத்துக்கங்க."

அழுத்தினாள். விளக்கு அணைந்தது.

"இதான்ப்பா வரம். கம்பெனிக் கடையில சொருகற அதே மெஷின். அவங்க படிச்சுட்டுச் சரி பண்ணுவாங்க. இவர் படிச்சுட்டு அழிச்சுடுவார்."

"மெஷின் படிச்சதுன்னு சொன்னா நீங்க யாராச்சும் வருவீங்களா?" என்று கேட்டார் கிளாரி. முதன்முறையாக அவர் குரலில் பொய் இல்லை. "கம்பி சொன்னதுன்னாதான வந்தீங்க."

ஊர் குனிந்து தன் காலடி மண்ணைப் பார்த்தது.

ஜோடி வண்டியைக் கிளப்பி நின்ற இடத்திலேயே ஓட விட்டாள். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. மொரீன் குனிந்து சீட்டுக்கடியில் முகர்ந்து பார்த்தாள். "நெவில், இங்க வா. மோந்து பாரு."

நெவில் குனிந்தான். தீய்ந்த பிளாஸ்டிக் நாற்றம். பேட்டரிக்குக் கரண்ட் கொண்டுவரும் ஒயரின் இணைப்பு பாதி உருகி, பழுப்பேறி, ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தது. இதோடு போயிருந்தால் நடுப்பாதையில் பேட்டரி செத்திருக்கும். வண்டி நின்றிருக்கும். விளக்கும் எரிந்திருக்காது, எரிவதற்கும் கரண்ட் வேண்டுமே.

அவன் நிமிர்ந்து தன் மகளைப் பார்த்தான். பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் கையிடுக்கில் இருந்த பெட்டியைப் பார்த்தான். சற்று முன் ட்ரெவரிடம் வாங்கிய புதுப் பெட்டி. அதன் ஒரு மூலை குதறிக் கிடந்தது. நாயின் பல் தடம்கூட அப்படியே இருந்தது.

நெவில் யோசித்தான். மெதுவாகத்தான். ஆனால் யோசித்தான்.

"ட்ரெவர்," என்றான். "நேத்து கிளாரிக்குக் கொடுத்த பெட்டியை இன்னைக்கு எனக்கே வித்திருக்கியே. இது எத்தனை தடவைடா இப்படிப் போய்ட்டு வருது?"

ட்ரெவர் ஒரு காலிக் கோப்பையை எடுத்து மிகக் கவனமாகத் துடைக்கத் தொடங்கினான். கூட்டத்தில் பலர் தங்கள் கையிலிருந்த பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவர், "இதுல என் கையெழுத்தே இருக்குய்யா," என்றார். பிறந்தநாள் வாழ்த்தாக எழுதிக் கொடுத்ததாம்.

கிளாரி கம்பிகளை மடக்கிக்கொண்டு பின்வாசலைப் பார்த்து நடந்தார். அதைக் கண்டுபிடிக்க அவருக்குக் கம்பி தேவைப்படவில்லை.

ஜோடி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தாமதமாக வருவதாகச் சொன்னாள். புது இணைப்பு தபால் லாரியில் வந்தது. பொருத்தியதும் விளக்கு தானாகவே அடங்கியது, யாரும் முனகவில்லை. அவள் சுரங்க ஊர் போய்ச் சேர்ந்து போன் செய்யும்வரை நெவில் வாசலிலேயே நின்றான். கிளாரி இப்போது வடக்கே எங்கோ இருக்கிறாராம். அங்கே குளிர்பெட்டிகளுக்குக் கம்பி பார்க்கிறாராம். நல்ல கூட்டமாம்.

டல்லாமிராவிலும் சிலர் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்: வண்டி விஷயத்தில் ஏமாற்றினார் சரி, தண்ணீர் விஷயத்தில் கம்பி சுத்தம் என்று. கோழி இன்றும் கிளறுகிறது. அதைக் கேட்பார் இல்லை.

விளக்கை அணைத்தால் வண்டி குணமாகாது. வாய் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். வண்டிக்குக் கண்ணாடிக்குள் வைத்தது போல மனிதனுக்கும் மண்டைக்குள் ஒரு விளக்கு வைத்திருக்கிறது. ஏதோ சரியில்லை என்றால் அது எரியும். எரியும்போது கொஞ்சம் உறுத்தும். அந்த உறுத்தல் பொறுக்காமல் அதை அணைத்துத் தரச் சொல்லி, கம்பளிக்காரன் வாசலில் பீர்ப் பெட்டியோடு நிற்கிறோமே, நாம்தான் முதலில் ஒர்க்ஷாப் போக வேண்டியவர்கள்.