தலைவர் இயற்றிய பாட்டு

உச்சியாமா அனுப்பிய மிடி கோப்பைத் திறந்ததும் நகுமோவின் கணினித் திரை கறுத்துப்போனது. பழுது ஒன்றுமில்லை. அத்தனையும் இசைக்குறிகள், கோடுகளே தெரியாதபடி அப்பியிருந்தன.

மனைவி சிஸுரு எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது, எள்ளு கொட்டின மாதிரி?"

"தலைவர் இயற்றின பாட்டு" என்றான் நகுமோ.

உச்சியாமா, ஜப்பானின் ஹமாமட்சு நகரில் அவர்கள் குடியிருந்த பேட்டையின் சங்கத் தலைவர். காலமெல்லாம் பியானோக்களுக்கு வார்னிஷ் அடித்து ஓய்வு பெற்றவர். பேட்டைக்கென்று ஒரு பாட்டு வேண்டுமென்று தானே மின்பியானோவில் வாசித்துப் பதிவு செய்திருந்தார். வசந்த விழாவில் அதைப் பேட்டையின் பேண்டு வாசிக்க வேண்டும். தேயிலைக் கடை வைத்திருந்த நகுமோ அந்த பேண்டில் கிளாரினெட். அதை இசைக்குறிகளாக யார் எழுதித் தருவது என்று சங்கக் கூட்டத்தில் கேட்டு, மற்றவர்களெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கணினியில் போட்டால் பாட்டு தானாகவே தாளில் வந்துவிடும் என்று வாயை விட்டவன் அவன்தான்.

மிடி கோப்பில் சத்தம் கிடையாது. எந்தக் கட்டையை எப்போது அழுத்தி எப்போது விட்டார்கள் என்ற விவரம் மட்டும்தான் இருக்கும். தலைவரின் விரல் தாளத்துக்கு அடங்கவில்லை, அதனால்தான் இந்தச் சிதறல் என்று நகுமோ முடிவு கட்டினான். எல்லாக் குறிகளையும் பக்கத்துத் தாளத்தில் கொண்டுபோய் ஒதுக்கும்படி மென்பொருளுக்குக் கட்டளையிட்டான். எள் மறைந்தது. வாசிக்கவிட்டபோது கைநிறையக் கட்டைகள் ஒன்றாக விழுந்தன. அலமாரி சாய்ந்துவிட்டதா என்று கீழ்வீட்டுக்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

குறிகளின் கூட்டத்தைக் கலைத்து, ஆக மேலே உள்ள ஸ்வரங்களை மட்டும் வைத்துப் பார்த்தான். மெட்டு மாடிப்படி ஏறுவதுபோல் ஏறி, அப்படியே இறங்கியது.

தலைவரையே இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லலாமே என்றாள் சிஸுரு. உங்கள் பாட்டு புரியவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல நகுமோவுக்குத் துணிவில்லை. மாறாக, தான் செய்ததை மறுபடி மிடியாக ஏற்றுமதி செய்து, சரிபார்க்கும்படி அவருக்கு அனுப்பினான். அவசரத்தில் மெட்டு, தாளக்கருவிகளுக்கு ஒதுக்கிய தடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. தலைவர் வீட்டில் ஒலித்ததெல்லாம் ஜால்ராவும் மத்தளமும் விசிலும்.

அவர் உடனே ஃபோன் செய்தார். "தாளம் பிரமாதம்ப்பா. பாட்டை எப்போ சேர்க்கப் போறே?"

நகுமோ கோப்பை மூடினான். கடையில் தேயிலையை எடை போட்டபடியே தனக்கு வந்ததை முணுமுணுத்து, ஒவ்வொரு குறியாக மென்பொருளில் தானே எழுதினான். வாழ்நாளில் அவன் போட்ட முதல் மெட்டு. எழுதும்போது இனித்தது. பேண்டுக்குக் கொடுத்த தாள்களில் தலைவரின் பெயரையே போட்டான்.

விழாவன்று தலைவர் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மேடையில் நகுமோவுக்கு உதடு காய்ந்து, முதல் ஸ்வரமே கீச்சிட்டது. இரண்டாம் சுற்றில் கூட்டம் கைதட்டிச் சேர்ந்துகொண்டது. பாட்டு முடிந்ததும் தலைவர் மைக்கை வாங்கினார். கண் கலங்கியிருந்தது.

"என் மனசுல இருந்தபடியே வந்திருக்கு. ஒரு ஸ்வரம்கூட மாறலை."

நகுமோவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. தேநீர்க் கூடாரத்தில் தனியாக நின்ற தலைவரின் மனைவி ஃபுமிகோவிடம் போய், தலைகுனிந்து நின்றான்.

"அம்மா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அந்தப் பாட்டு…"

ஃபுமிகோ அவனைவிடத் தாழக் குனிந்தார். சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"தப்பு என்னோடது, தம்பி. அவர் வாசிச்சது அன்னைக்கே என் கை பட்டு அழிஞ்சு, அதுமேல வேற பதிவாயிடுச்சு. உங்களுக்கு வந்தது, நான் துணியை வச்சுக் கட்டை துடைச்சது."