நெப்ராஸ்கா அண்ணையும் வெள்ளைக் குதிரையும்

நெப்ராஸ்காவை உயிருக்கு உயிராக நேசித்த தமிழர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் அகதி விடுதியின் இரண்டாம் மாடியில், என் கட்டிலுக்கு எதிர்க்கட்டிலில் படுத்திருந்தார். அமெரிக்காவின் நடுவயிற்றில் கிடக்கும் அந்த மாநிலத்துக்கு அவர் போனதே இல்லை. பக்கத்திலிருக்கும் டோர்ட்மண்டுக்குக் கோயில் திருவிழா பார்க்கப் போகவே எங்களுக்கு அனுமதித் தாள் வேண்டும். இதில் நெப்ராஸ்கா எங்கே!

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. எங்களிடம் இருந்தது 'டுல்டுங்' என்ற தற்காலிகத் தாள். ஜெர்மன் மொழியில் பொறுத்துக்கொள்வது என்று பொருள். அந்த நாடு எங்களை மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளும். பிறகு ஒரு முத்திரை குத்தி இன்னும் மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளும். மனைவி கூட அவ்வளவு ஒழுங்காகப் பொறுத்துக்கொள்ள மாட்டாள்.

ஒருநாள் யாரோ வீதியில் எறிந்த பழைய சாமான்களுக்குள் அண்ணை ஓர் ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தைக் கண்டெடுத்தார். முழுத் தொகுதி இல்லை. 'என்' என்ற ஆங்கில எழுத்துக்கு உரிய ஒரேயொரு புத்தகம். ஊரில் மீன்பிடிச் சங்கத்தில் கிளார்க்காக இருந்தவர், ஆங்கிலம் வாசிப்பார். அமெரிக்க கிரீன்கார்ட் குலுக்கலுக்கு வருடா வருடம் விண்ணப்பிப்பவரும்கூட.

"நியூயோர்க்குக்கு எல்லாரும் போவாங்கள். நெவாடா வனாந்தரம். நெப்ராஸ்காவுக்கு ஆர் கேக்கப் போறான்? லைன் குறைவு ஐசே," என்றார்.

"அண்ணை, குலுக்கல்ல மாநிலம் கேக்கிறதில்லையே?"

"இண்டர்வியூவில கேப்பாங்கள். அப்ப நீர் முழிப்பீர். நான் முழிக்கமாட்டன்."

அன்றிலிருந்து எங்கள் சமையலறை பள்ளிக்கூடமானது. எட்டு ஆண்கள், நான்கு அடுப்பு, ஒரு பைத்தியம். வெங்காயம் வெட்டுகிறவனிடம் "தலைநகர்?" என்பார். "லிங்கன்" என்றால்தான் கத்தி அடுத்தவன் கைக்குப் போகும். பெரிய நகரம் ஒமாகா. கிழக்கு எல்லையில் மிசூரி ஆறு, நடுவால் பிளாட் ஆறு. மாநிலப் பூச்சி தேனீ. மாநிலப் பானம் பால். தேத்தண்ணீருக்குப் பால் முடிந்துபோனால், "மாநிலத்துக்கே அவமானம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாநிலப் பறவையின் பெயர் யார் வாயிலும் நுழையாததால், 'மஞ்சள் நெஞ்சில கறுப்பு வீ' என்று அதைச் சுருக்கித் தந்தார்.

ஓர் ஓகஸ்ட் மாதம் இரண்டு கை நிறைய மஞ்சள் பூவோடு ஓடி வந்தார்.

"ஐசே! மாநிலப் பூ! ரயில் ரோட்டுப் பக்கம் முழுக்க நிக்குது!"

நம்பாமல் புத்தகத்தை விரித்துப் பார்த்தேன். அதே பூதான். அமெரிக்காவிலிருந்து எப்போதோ வந்து இங்கே காடாகப் பரவிவிட்டதாம். ஊறுகாய்ப் போத்தலில் தண்ணீர் ஊற்றி நடு மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்:

"இதிட்ட ஒருத்தரும் அகதி விண்ணப்பம் கேக்கேல்லை, பாரும்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த வாரம்தான் எங்களில் மூன்று பேருக்கு நிராகரிப்புக் கடிதம் வந்திருந்தது.

அன்று மாலை, வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. ஏன் நெப்ராஸ்கா?"

"மூண்டு மாநிலம் தாண்டினாத்தான் அங்க இருந்து கடல் வரும்," என்றார். "தம்பிக்காரன் வள்ளத்தோட போனவன். நேவி சுட்டது. உடம்பு வரேல்லை. எனக்குக் கடலைப் பாக்க ஏலாது ஐசே."

பிறகு எழுந்து போய்ச் சோற்றை வடித்தார்.

அடுத்த வருடம் அவருக்கு ஒரு நல்ல 'டெர்மின்', அதாவது சந்திப்பு நேரம், கிடைத்தது. நீண்ட காலம் இருந்தவர் இந்த நாட்டோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறார் என்று அதிகாரி நேரில் பார்த்துப் பேசப்போகிறாராம். கடன் வாங்கிய கோட்டுடன் அண்ணை போனார். துணைக்கு நானும் போனேன். அதிகாரி நல்ல மனிதர். முதலில் சமையல் பற்றிக் கேட்டார். அண்ணை தட்டித் தடவி ஜெர்மனில் பதில் சொன்னார். பிறகு, சும்மா பேச்சுக்கு, "எட்டு வருடமாக இருக்கிறீர்களே, இந்த மாநிலத்தின் தலைநகர் எது?" என்று கேட்டார்.

அண்ணையின் முகம் மலர்ந்தது. எத்தனை வருடமாகக் காத்திருந்த கேள்வி!

"லிங்கன்!"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். உதவி செய்கிற எண்ணத்தில், "பெரிய ஆறு ஒன்றின் கரையில் இருக்கிறது..." என்று எடுத்துக் கொடுத்தார்.

"மிசூரி!"

மேசைக்குக் கீழே அவர் காலில் ஓங்கி மிதித்தேன். நான் உற்சாகப்படுத்துவதாக நினைத்துவிட்டார். பூவையும் தேனீயையும் பாலையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். டுசல்டோர்ஃப் என்ற உண்மையான தலைநகர், ரைன் என்ற ஆறு, இரண்டும் அந்த அறைக்குள் வரவேயில்லை.

வெளியே வந்து படியில் இறங்கும்போதுதான் அவருக்கு விளங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "இந்த மாநிலத்தையோ கேட்டவர்?" என்றார். ஓம் என்று தலையை ஆட்டினேன்.

இன்னொரு முறை கூப்பிட்டால் உதவும் என்று நான் எங்கள் மாநிலச் சின்னத்தின் படத்தைக் கொண்டுவந்தேன். ஓர் ஆறு, ஒரு ரோசாப்பூ, பின்னங்காலில் எழுந்து நிற்கும் வெள்ளைக் குதிரை. மூன்றே மூன்று. பால்குடிப் பிள்ளையும் பாடமாக்கிவிடும்.

அண்ணை குதிரையை நெடுநேரம் பார்த்தார். "உதைக்கத்தான் எழும்பி நிக்குது," என்று படத்தைத் திருப்பித் தந்தார்.

இன்னொரு முறை கூப்பிடவில்லை. நான்கு பக்கக் கடிதம்தான் வந்தது. உங்கள் நாட்டில் சமாதானப் பேச்சு நடக்கிறது, ஆகவே போகலாம் என்று எழுதியிருந்தது. லிங்கனைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் எங்கள் விடுதி முழுவதும் லிங்கனைத்தான் திட்டியது.

மூன்று நாள் அண்ணை கட்டிலை விட்டு எழவில்லை. சமையலறையில் கேள்வி கேட்க ஆளில்லை. நான்காம் நாள், வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த ஒருவன், யாரும் கேட்காமலே, அண்ணையின் அறைப் பக்கம் பார்த்து உரத்த குரலில், "மாநில விலங்கு, வெள்ளை வால் மான்!" என்றான். அவன் வெட்டிய வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஒரு காலையில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். அண்ணை ஒரு பையைக் கட்டினார். புத்தகத்தை என் கையில் திணித்தார்.

"நோர்வேயும் இதுக்குள்ளதான் இருக்கு ஐசே. நீர் அதைப் பாரும்."

கொழும்பிலிருந்து இரண்டு தடவை என் கைபேசிக்கு எடுத்தார்; அந்த நம்பர் மட்டும்தான் அவரிடம் இருந்தது. வவுனியாவிலிருந்து ஒரு தடவை. "அங்க குளிரோ?" என்று கேட்டார். "ஓம் அண்ணை" என்றேன். "காதை மூடிக்கொண்டு திரியும், உமக்குச் சளி பிடிக்கும்," என்றார். அவருடைய போன் கார்ட் முடிந்து தொடர்பு அறுந்தது. பிறகு மறுபடியும் சண்டை தொடங்கியது. அவர் வன்னிக்குள் போனதாக ஒருவர் சொன்னார். இல்லை என்று இன்னொருவர் சொன்னார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எனக்கு விசா கிடைத்தது. பீலெஃபெல்டுக்கு வந்தேன், கல்யாணம் முடித்தேன். மூன்று தொலைபேசிக் கொம்பனி மாறிவிட்டேன். ஒவ்வொரு முறையும் கடைக்காரப் பெட்டை, "புது நம்பர் எடுங்கள், சுலபம். பழைய நம்பரைக் கொண்டுவர நாலு பக்கப் படிவம் நிரப்ப வேண்டும்," என்பாள். ஜெர்மன் படிவத்தைக் கண்டால் ஓடி ஒளிகிறவன் நான். மூன்று முறையும் பேனாவை வாங்கி, நாலு பக்கத்தையும் நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.